போணிக்கு ஆள் தேவை

அன்று காலை எங்கள் கடைக்கு எதிரே, சைக்கிள் ரிப்பேர் கடையின் தகரக் கூரைக்கு அடியில், பத்துப் பன்னிரண்டு பேர் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மழைக்காலம் முடிகிற சமயம். தகரத்தின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோர் பார்வையும் எங்கள் கடைமேல்தான். ஒருவர்கூடத் தெருவைத் தாண்டி வரவில்லை.

அப்பா பலகைகளைக் கழற்றி அடுக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. பருப்பு மூட்டையின் வாயைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

"ஏல, என்னல எல்லாரும் அங்கன நிக்காவ? சைக்கிள்கடக்காரன் மண்டையப் போட்டுட்டானா?"

"வருவாங்கப்பா. மொதல்ல யாரு வாரதுன்னு பாத்துக்கிட்டு நிக்காங்க."

"அதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. என் தலைக்கு மேலே புதுப் பலகை ஒன்று தொங்கியது. அப்பா சரக்கெடுக்கப் புனே மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானே பெயின்ட் வாங்கித் தமிழ், மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி மாட்டியது. பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. பெருங்காய நெடியையும் மீறி அது மூக்கில் ஏறியது.

அந்தப் பலகைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தீபாவளி வரைக்கும்

எங்கள் கடை புனேவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ஸ்டேஷனிலிருந்து ராணுவ டிப்போவுக்குப் போகிற வழியில் இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, சொந்தக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் பல வருஷம் மூட்டை தூக்கி, மூட்டைமேலேயே தூங்கி, பிறகு இங்கே வந்து தனியாகக் கடை போட்டவர். டிப்போவில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் புளிக்கும் நல்லெண்ணெய்க்கும் வந்தார்கள். மராத்திக் குடும்பங்கள் வேர்க்கடலைக்கும் வெல்லத்துக்கும் வந்தார்கள். டிப்போவின் சங்கு ஊதுவதற்கு முன்னால் சைக்கிள்கள் வந்து நிற்கும். தீப்பெட்டி, டீத்தூள், பீடி. ஒரு காலை இறக்காமல் சைக்கிளில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போவார்கள்.

எண்பதுகள் பிறந்த சமயத்தில் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். வெள்ளையடித்த கட்டடம், டியூப்லைட், பாக்கெட்டில் கட்டிய சாமான். விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகாத குறைந்த விலை. அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, எங்கள் அம்மாவே ஒருமுறை அங்கே போய்ச் சோப்பு வாங்கி வந்து முந்தானையில் மறைத்தாள்.

கணபதி விழா சமயத்தில் மாமா வந்தார். மாமா என்றால் அப்பாவின் அக்காள் புருஷன், பம்பாயில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையைச் சுற்றிப் பார்த்தார். தூசி படிந்த புளிப் பானையில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"ஆறுமுகம், தீபாவளி மட்டும் பாரு. தேறலன்னா மூடிட்டு வந்துரு. எங் கடையில ஒனக்கு ஒரு எடம் இல்லாமயா போயிரும்?"

பிரியமாகத்தான் சொன்னார். அப்பாவும் "சரி அத்தான்" என்றார். ஆனால் அன்று இலையில் வைத்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. ஐம்பது வயது தாண்டி, மறுபடி இன்னொருவர் கடையில் தராசு பிடிக்கப் போக வேண்டும்.

அம்மா என்னிடம் சொன்னது வேறு. "படிச்ச புள்ள நீ. ஒங்கப்பா கூடச் சேர்ந்து மூட்டைய மொறச்சிக்கிட்டு நிக்காம ஒரு ஆபீசு வேலைக்கு எழுதிப் போடு."

நான் எழுதிப் போடவில்லை. தீபாவளிக்குள் கடையைத் தூக்கி நிறுத்திக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம்.

படித்த பிள்ளையின் யோசனைகள்

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அதுவும் சும்மா இல்லை, பி.காம். சிவாஜிநகர் கல்லூரிக்கு லோக்கல் ரயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த பி.காம். அங்கே விளம்பரம் பற்றி ஒரு பாடம் உண்டு. சோப்புக் கம்பெனி, டயர் கம்பெனி என்று உதாரணம் சொல்வார்கள். புளி ஒட்டிய தரை உள்ள கடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதனால் என்ன, சோப்புக்குப் பொருந்துவது புளிக்கும் பொருந்தும் என்று நம்பினேன்.

முதல் யோசனை, சினிமாக் கொட்டகையில் ஸ்லைடு. கண்ணாடியில் கடைப் பெயரை எழுதிக் கொடுத்தால் திரையில் காட்டுவார்கள். நானும் அம்மாவும் டிக்கெட் எடுத்துப் போய்க் காத்திருந்தோம். இடைவேளை விட்டதும் ஜனம் முழுக்க டீக்கும் சிறுநீருக்கும் எழுந்து ஓடியது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் எங்கள் கடைப் பெயர் பளிச்சென்று வந்துபோனது. பார்த்தது அம்மா மட்டும்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"நல்லாருக்குல. செவப்பு எழுத்து எடுப்பா இருக்கு" என்றாள்.

இரண்டாவது, நோட்டீஸ். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே' என்று ஆரம்பித்து, இங்கிலீஷிலும் அதே மரியாதையோடு அச்சடித்து, சாயங்கால லோக்கலில் இறங்குகிறவர்கள் கையில் திணித்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. நாலைந்து நாள் கழித்து ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்கள்.

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தாளு கெட்டியா இருக்குல. நம்மளே வச்சு மடிச்சிருக்கலாம்" என்றார்.

மூன்றாவதுதான் பலகை.

என்ன எழுதியிருக்கிறாய்?

சரி, தகரக் கூரைக்கு வருகிறேன்.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். "அதுல என்னதான்ல எழுதியிருக்க? வாசி."

"தினமும் முதலில் வரும் வாடிக்கையாளருக்குக் கால் கிலோ சர்க்கரை இலவசம்" என்று வாசித்தேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரேஷன் சர்க்கரைக்கு ஜனம் வரிசையில் நின்ற காலம். அதைச் சும்மா கொடுத்தால் விடிவதற்குள் அடிதடி நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "மொத ஆளுக்கா? போணியிலயா?"

"ஆமா."

"ஏ கிறுக்கா! போணியில போயி எவனாவது ஓசி குடுப்பானால? நாளு பூரா வெறுங்கையா போறதுக்கு வழி சொல்லுத!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்குள்ளேயே வளர்ந்தவன் நான். காலையில் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுகிற அப்பாவைத் தினம் பார்த்தவன். பாடத்தில் 'முதல் வாடிக்கையாளர்' என்று படித்தபோது அது போணி என்று தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றாதது தெருவுக்கு முழுக்கத் தோன்றியிருந்தது. தமிழர் போணி என்பதை இந்த ஊர்க்காரர்கள் பவானி என்பார்கள், ஆனால் பயம் ஒன்றுதான். முதல் வியாபாரத்தில் சும்மா வாங்கிக்கொண்டு போய், அன்று கடை படுத்துவிட்டால், 'யார் கை அது?' என்று கேட்பார்கள். அந்தக் கை தன் கையாக இருக்கக் கூடாது. இரண்டாவது ஆளாகப் போனால் தொந்தரவே இல்லை. ஆகவே பன்னிரண்டு பேரும் இரண்டாவது ஆளாக நின்றார்கள்.

"பலகையக் கழத்திருதேன்" என்றேன்.

"கழத்தாத! எழுதிப் போட்டுட்டு மாத்துனா ஊரு சிரிக்கும். குடுக்கேன்னு சொன்னதக் குடுக்கணும்."

"அப்ப யாருக்குக் குடுக்க?"

"அத ஒன் காலேஜ்லயே போயிக் கேளு!"

தெருவைத் தாண்டி, கூட்டத்தில் நின்ற எஸ்தர் டீச்சரிடம் போனேன். கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர், தமிழில் பாதிக்குப் பாதி ஹிந்தி கலக்கும்.

"டீச்சர், நீங்க வாங்களேன். உங்களுக்குத்தான் இந்தப் போணி கீணியில நம்பிக்கை கிடையாதே."

"சத்தியமா கிடையாது தம்பி. நாங்க ஜெபம் பண்ற ஜனம்."

"அப்ப வாங்க."

"வரேன் வரேன். ஜல்தி என்ன? ஷிந்தே காக்கு முதல்ல போகட்டும், அவங்கதான் எனக்கு முன்னாடியே வந்தாங்க."

காக்கு என்றால் மராத்தியில் சித்தி. ஷிந்தே காக்கு டிப்போ ஃபோர்மன் ஒருவரின் மனைவி. மூக்குத்தியும் பச்சை வளையலுமாகக் கனத்த உடம்பு. கைராசிக்குப் பெயர் போனவள். சந்தையில் காய்கறிக்காரிகள் அவள் வருகிறவரைக்கும் கூடையைத் திறக்காமல் காத்திருப்பார்கள். அவள் என்னைப் பார்த்துக் கையை உதறினாள்.

"பவானிச்யா வேளேலா ஃபுக்கட்? நக்கோ ரே பாபா!"

போணி நேரத்தில் ஓசியா, வேண்டவே வேண்டாம் என்கிறாள். சொல்லிவிட்டு ஓரடி பின்னாலும் நகர்ந்துகொண்டாள்.

கூட்டத்தைப் பார்த்த மாமா

அந்த நேரம் பார்த்தா மாமா வரவேண்டும்? லோணாவ்ளாவில் இறங்கி லோக்கல் மாறி, கையில் சிக்கி என்கிற கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தார். தூரத்திலேயே கூட்டத்தைக் கண்டுவிட்டார்.

"ஏ மருமவனே! என்ன கூட்டம், என்ன கூட்டம்! நான் மூடச் சொல்லிட்டுப் போனேன், நீங்க திருவிழால்ல நடத்துதிய!"

கடைக்குள் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். காலிக் கடையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவருக்குப் புரையேறி, அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"இந்தா, நானே போணி பண்ணுதேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை. "வீட்டாளு காசு போணியில சேராது அத்தான்."

டிப்போவில் சங்கு ஊதியது. கூரைக்கு அடியில் நின்ற சைக்கிள்காரர்கள் பெடலை மிதித்தார்கள். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார். வாங்க வந்தவர்கள் வாங்காமலே போனார்கள். மாமாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. அப்பா கல்லாப் பெட்டியின் மூடியைத் துண்டால் துடைத்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஷிந்தே காக்கு மட்டும் நின்றாள். அவள் வீட்டில் எண்ணெய் தீர்ந்திருந்தது.

நான் தெருவைத் தாண்டி மறுபடி ஓடினேன். "காக்கு, எண்ணெய்க்கு முழுக் காசு கொடுங்க, அதுதான் பவானி. சர்க்கரை கடைச் சரக்கு இல்ல. எங்கம்மா சமையக்கட்டுல இருந்து வரும். அது கணக்கிலேயே சேராது."

அவள் யோசித்தாள். வீட்டுச் சர்க்கரை என்றால் வீட்டுக்கு வந்தவளுக்குக் கொடுத்த மாதிரிதானே என்று தன் பாஷையில் தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டி வந்தாள். எண்ணெய் வாங்கினாள். காசை அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா முணுமுணுத்தபடி சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்தாள். காக்கு ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தள்ளிவிட்டாள்.

படியிறங்கும்போது திரும்பினாள். "தம்பி, இன்றைக்கு உன் கடை என் தலைமேல்" என்றாள் மராத்தியில். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

தலைமேல் கடை

அரைமணி கழித்து ஒரு மராத்திப் பெண் வந்து ரவை கேட்டாள். முன்பின் வராதவள். "காக்கு அனுப்பினாங்க." பிறகு இன்னொருத்தி. பிறகு மாமியாரும் மருமகளுமாக இருவர். எல்லோரும் காக்குவின் சந்துக்காரர்கள்.

மத்தியானம் காக்குவே வந்தாள். வாங்க அல்ல, விசாரிக்க. "எப்படிப் போகிறது?" அப்பா சுமார்தான் என்று தலையாட்டியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் கிடந்த வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தரை "உன் வீட்டில் உப்பு இருக்கிறதா?" என்று மிரட்டியே உள்ளே அனுப்பினாள். அவள் கை போணி செய்த கடை படுத்துவிட்டால் நாளைக்குச் சந்தையில் எந்தக் காய்கறிக்காரி அவளுக்காகக் காத்திருப்பாள்?

நான் தராசைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். இதற்கு எந்தப் பாடத்தில் என்ன பெயர் என்று தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் போகிறது, போணி செய்த கை கடையையும் பார்த்துக்கொள்ளும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினேன். ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்தாயிற்று, ஆகவே அப்பாவும் தடுக்கவில்லை. அதன் இடத்தில் ஒரு சிலேட்டு. சைக்கிளை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய், ஒரு வீட்டு வாசலில் நின்று, "நாளைக்கு எங்க கடைக்கு உங்க கையால போணி பண்ணித் தரணும்" என்று கேட்டேன். ஓசி கிடையாது, தள்ளுபடி கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த அம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! திரும்பி வந்து சிலேட்டில் எழுதினேன்: நாளைய போணி, இன்னார்.

"ஆளு புடிச்சா போணி பண்ணுவாவ? காலம் கெட்டுப்போச்சு" என்றார் அப்பா. ஆனால் தினம் சாயங்காலம், "இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போற? போன வாரம் அந்த நாயர் பொண்டாட்டி எட்டிப் பாத்துட்டுப் போனா, அவளக் கேளு" என்பார்.

தொந்தரவும் வந்தது. கேட்கப்படாத வீட்டுக்காரர்கள் முறைத்தார்கள். "எங்க கை என்ன ராசியில்லாத கையா?" என்று ஒரு ஹவில்தார் மனைவி நடுத்தெருவில் கேட்டாள். அன்று இரவே அவள் பெயர் சிலேட்டில் ஏறியது.

எஸ்தர் டீச்சரின் நாளும் வந்தது, காலையில் போணி பண்ணிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். அன்று விடாத மழை, ஒரு காக்கை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு நனைந்த குடையோடு வந்தார். "எப்படி இருக்கு தம்பி இன்னிக்கி?"

"ஒண்ணும் நடக்கல டீச்சர்."

அவர் குடையை மடக்கி, அரிசியில் ஆரம்பித்து அப்பளம் வரைக்கும் ஒரு மாதத்துச் சாமானை வாங்கினார்.

"டீச்சர், உங்களுக்குத்தான் நம்பிக்கை கிடையாதே" என்றேன்.

"கிடையாதுதான். பொட்டலத்த ஒழுங்கா கட்டு."

கேள்வி

தீபாவளிக்கு முந்தின நாள் மாமா மறுபடி வந்தார். இந்த முறை யாரும் எதிரே நிற்கவில்லை, எல்லோரும் உள்ளே நின்றார்கள். கடலை மாவும் வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசனையில் மூச்சுவிட இடமில்லை. சிலேட்டில் தங்கள் பெயரில்லாத நாளில்கூடப் பழைய பெயர்க்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கூட்டுறவுக் கடையிலும் கூட்டம் குறையவில்லை. அங்கே வாங்குகிறதை அங்கே வாங்கினார்கள், எங்களிடம் வாங்குகிறதை எங்களிடம் வாங்கினார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் தேவைப்பட்டது.

மாமா ஒரு மூலையில் ஒண்டி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"சரி ஆறுமுகம். நீ வர வேண்டாம். நான் சொன்னத மறந்துரு."

அப்பா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனா ஒண்ணு. இந்தப் பயல எனக்கு அனுப்பு. பம்பாய்க் கடைக்கு இப்படி ஒருத்தன்தான் வேணும். நல்லாப் பாத்துக்கிடுவேன்."

உள்கதவோரம் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. பம்பாய் என்ற சொல்லுக்கே அந்த வயதில் ஒரு இழுப்பு உண்டு. என் படிப்பு, என் வேலை, என் சாப்பாடு என்று எனக்கான எல்லாவற்றுக்கும் அதுவரை அப்பாதான் பதில் சொல்லியிருக்கிறார். இதற்கும் சரி அத்தான் என்பாரோ, முடியாது அத்தான் என்பாரோ.

அப்பா பருப்பைப் பொட்டலத்தில் கொட்டி, நூலைச் சுற்றி, அறுத்தார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கிய அத்தான்? கடைய அவன்லா நடத்துதான். அவங்கிட்டயே கேளுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். பம்பாயா, இந்தக் கடையா என்பதை அப்பா என் கையில் விட்டது அதுதான் முதல் தடவை. முன்னால் நின்ற பெண் அரைக் கிலோ மைதா கேட்டிருந்தாள். தராசைத் தூக்கினேன். தட்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"லவ்கர், லவ்கர்" என்றாள் அவள். வீட்டில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறதாம், சீக்கிரம் ஆகட்டுமாம்.